முக்காட்டுச் சட்டையில் நெப்போலியன்

திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறையின் மேசைமேல் அந்தச் சாம்பிள் சட்டை விரிந்து கிடந்தது. சாம்பல் நிறம், உள்பக்கம் ரைசிங் செய்த கனமான பிளீஸ் துணி, பின்னால் முக்காடு, முன்னால் இரண்டு கையும் நுழைகிற ஒற்றைப் பாக்கெட். ஹூடி என்றால் கடைக்காரருக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் உடனே புரியும். அதன் நெஞ்சில் ஒரு படம். சாப்பாட்டு மேசையின் ஒரு பக்கம் நெடுநெடுவென்று ஒருவர். எதிரே இறகு வைத்த பெரிய தொப்பிக்குக் கீழே குட்டையான இன்னொருவர், இருக்கையை விட்டு எழுந்து எட்டி வெட்டுகிறார். இருவருக்கும் நடுவே தட்டில் ஆவி பறக்கும் ஓர் உருண்டைப் பலகாரம். அந்தப் பலகாரம்தான் பூமி.

ஜேம்ஸ் கில்ரே 1805 பிப்ரவரி 26 அன்று லண்டனில் வெளியிட்ட படம் அது. நெட்டையானவர் பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட். குட்டையானவர் நெப்போலியன். அந்த ஆண்டின் தொடக்கத்தில் சமாதானம் பேசலாம் என்று நெப்போலியன் இங்கிலாந்து அரசருக்கு எழுதியிருந்தார். சமாதானம் என்ற பெயரில் இருவரும் உலகத்தைப் பங்கு போடுகிறார்கள் என்பது கில்ரேயின் குற்றச்சாட்டு. பிட் திரிசூலம் போன்ற முள்கரண்டியைக் குத்திக் கடலைப் பெரிய துண்டாக எடுத்துக்கொள்கிறார். நெப்போலியன் வாளால் ஐரோப்பாவை அறுக்கிறார். மூலப் படத்தில் தலைப்பும் அதையொட்டி நீண்ட வாசகமும் உண்டு. சட்டையில் ஒன்றும் இல்லை. பெயர் இல்லை, ஆண்டு இல்லை, வரைந்தவர் யார் என்பதும் இல்லை.

பழைய அரசியல் கேலிச்சித்திரம் உடுப்பில் ஏறும்போது அதன் அரசியல் என்ன ஆகிறது? இந்தக் கேள்விக்கு வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். கலை பொருளாக மாறியதும் செத்துவிட்டது என்பது ஒன்று. அருங்காட்சியகப் பெட்டிக்குள் தூங்கிய படம் தெருவுக்கு வந்ததால் உயிர் பெற்றது என்பது மற்றொன்று. இரண்டிலுமே எனக்கு நிறைவில்லை. கேலிச்சித்திரம் பிறந்த நாளிலிருந்தே விற்பனைப் பொருள். துணியில் ஏறுவதும் அதற்குப் புதிதல்ல. அதன் உயிர் எங்கே போகிறது என்று தேடினால், பெரும்பாலும் கத்தரித்து எறியப்பட்ட எழுத்தில்தான் போய் நிற்கிறோம்.

கில்ரேயிலிருந்தே தொடங்கலாம். அவருடைய படங்களை விற்றவர் ஹன்னா ஹம்ஃப்ரி என்ற பெண் வணிகர். லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெரு 27ஆம் எண் கடை அவருடையது. அதன் மாடியில்தான் கில்ரே குடியிருந்தார். செப்புத் தகட்டில் அமிலம் ஊற்றிக் கோடு பொறித்து, தாளில் அச்செடுத்து, ஒவ்வொரு படிக்கும் கையால் வண்ணம் தீட்டினார்கள். வாங்க வசதியில்லாதவர்கள் கடைக் கண்ணாடிக்கு வெளியே கூடி நின்று பார்த்தார்கள். அந்தக் கடை வாசலையே கில்ரே 1808இல் ஒரு படமாக வரைந்திருக்கிறார். வழுக்கி விழும் மனிதர் ஒருவர் முன்னால்; பின்னால் கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டி நிற்கும் கூட்டம். காசுக்கு விற்ற படம்தான், காசில்லாதவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

தாளை விட்டு வேறு பொருள்களுக்குத் தாவுவதும் அதற்கு முன்பிருந்தே நடந்தது. 1710இல் ஹென்றி சச்செவரல் என்ற பாதிரியார் மேல் நாடாளுமன்றத்தில் வழக்கு நடந்தபோது அவர் உருவம் விசிறியிலும் கைக்குட்டையிலும் சீட்டுக்கட்டிலும் ஏறியது. நெப்போலியனின் தலையை உள்ளே பொருத்திய சிறுநீர்ச் சட்டிகளை இங்கிலாந்துக் குயவர்கள் செய்து விற்றார்கள். இவற்றையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது ஜான் வில்க்ஸின் கதை. அரசரைத் தாக்கி எழுதியதற்காக வழக்கில் மாட்டிய அந்த அரசியல்வாதியை 1763இல் வில்லியம் ஹோகார்த் வரைந்தார். மாறுகண், கொம்புபோல் நிமிர்ந்த பொய்முடி, கையில் சுதந்திரத் தொப்பி மாட்டிய கோல். வில்க்ஸை அயோக்கியனாகக் காட்டத்தான் ஹோகார்த் வரைந்தார். வில்க்ஸின் தொண்டர்களோ அதே உருவத்தைத் தங்கள் தலைவரின் படமாக ஏற்றுக்கொண்டார்கள். சீனாவில் செய்வித்துக் கொண்டுவந்த பீங்கான் மதுக் கிண்ணங்களில்கூட அந்த மாறுகண் வில்க்ஸ் நிற்கிறார். வசையாக வந்த படம் கொடியாக மாறியது. படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஏந்திய கை மட்டும் மாறியது.

துணிக்கு நேரடியான முன்னோடி ஒன்றும் இருக்கிறது. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டர் நகரின் செயின்ட் பீட்டர் திடலில், வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மேல் குதிரைப்படை பாய்ந்தது. பீட்டர்லூ படுகொலை என்று வரலாறு சொல்வது அதைத்தான். அந்தக் காட்சியை அச்சிட்ட பருத்திக் கைக்குட்டை ஒன்று மான்செஸ்டர் மக்கள் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் கூட்டத்துக்குள் வாளோடு புகும் குதிரைகள். கூடவே என்ன நடந்தது, எந்த நாளில் நடந்தது என்ற தலைப்பு. ஓரங்களில் மக்கள் கேட்ட கோரிக்கைகள். நூல் ஆலைகளின் ஊரில், பருத்தித் துணியில், ஆலைத் தொழிலாளர்களின் வழக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். துணி எழுத்தைத் தாங்காது என்று இன்று சொல்கிற வடிவமைப்பாளர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

எழுத்தே வேண்டாத படமும் உண்டு என்பதை மறைப்பது நியாயமாகாது. பிரான்சில் ஷார்ல் பிலிப்போன் என்ற பத்திரிகைக்காரர் 1831 நவம்பரில், அரசர் லூயி பிலிப்பை அவமதித்ததாக நீதிமன்றத்தில் நின்றார். அங்கே அரசரின் முகம் படிப்படியாகப் பேரிக்காயாக மாறும் நான்கு படங்களைக் காட்டி வாதாடினார். முதல் படம் குற்றம் என்றால், அதைப் போலிருக்கும் அடுத்ததும் குற்றம்; கடைசியில் பேரிக்காயையும் தண்டிப்பீர்களா என்பது வாதம். அவர் வழக்கில் தோற்றார். ஆனால் பாரிஸ் சுவர்களிலெல்லாம் சிறுவர்கள் பேரிக்காய் கிறுக்கத் தொடங்கினார்கள். அதே ஆண்டு ஒனோரே தொமியே, ஏழைகளின் காசை மூட்டை மூட்டையாக விழுங்கும் அரக்கனாக அரசரை வரைந்தார். 1832இல் அதற்காகச் சிறை போனார். 1835 செப்டம்பரில் வந்த சட்டம் படங்களை மட்டும் முன் அனுமதி பெற்றே வெளியிட வேண்டும் என்றது. எழுத்துக்கு அந்தக் கட்டு இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவனையும் படம் எட்டுகிறது என்ற பயம் அரசுக்கு இருந்தது.

அந்தப் பேரிக்காயை இன்று ஒரு ஹூடியில் அச்சடித்தால் என்ன தெரியும்? பழம்தான் தெரியும். லூயி பிலிப் 1848இல் முடிதுறந்து போனதோடு அந்தக் குறியின் கூர்மையும் போயிற்று. எழுத்தில்லாமல் ஓடும் படம் தன் காலத்தின் பேச்சுக்குள்தான் ஓடும். பேச்சு ஓய்ந்தபின் அதை எழுப்ப எழுத்து வேண்டும்.

இனி சட்டைக்கு வருவோம், ஏனென்றால் அது வெறும் தாள் அல்ல. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் 1919இல் தொடங்கிய பின்னலாடை நிறுவனம்தான் பின்னால் சாம்பியன் என்று பெயர் பெற்றது. 1930களில் அது ஸ்வெட் ஷர்ட்டில் முக்காடு சேர்த்தது, குளிரில் பயிற்சி செய்யும் விளையாட்டு வீரர்களுக்கும் குளிரூட்டிய கிடங்கில் வேலை செய்பவர்களுக்கும் என்று. 1970களில் நியூயார்க்கின் ஹிப்ஹாப் இளைஞர்கள் அதைத் தங்கள் உடையாக்கினார்கள். பிறகு அதன்மேல் சந்தேகம் விழுந்தது. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் புளூவாட்டர் வணிக வளாகம் 2005இல் ஹூடி அணிந்து வருவதற்குத் தடை போட்டது. 2012 பிப்ரவரி 26 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவன் மேல் ஹூடி இருந்தது. கையில் ஆயுதம் எதுவும் இல்லை. ஒரு மாதம் கழித்து, நாடாளுமன்ற உறுப்பினர் பாபி ரஷ் அவைக்குள் கோட்டைக் கழற்றி முக்காட்டைத் தலையில் போட்டுக்கொண்டு பேசினார். அவை விதியை மீறியதாக வெளியே அழைத்துச் சென்றார்கள்.

ஆகவே இந்த உடுப்பு தன் பங்குக்கு ஓர் அரசியலைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. முகத்தை மறைக்கிறவன் யார் என்ற பயத்தின் அரசியல் அது. கேலிச்சித்திரமோ முகத்தைப் பிடித்திழுத்துப் பெரிதாக்கிக் காட்டும் கலை. மறைந்த முகத்துக்குக் கீழே, நெஞ்சில் ஒரு விகார முகம். இந்தச் சேர்க்கையில் ஒரு வலு இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆள்பவரின் முகத்தைக் காட்டி, ஆளப்படுபவரின் முகத்தைக் காப்பாற்றுகிற வலு.

உடுப்பில் இருப்பது பேச்சாகுமா என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் பலமுறை பார்த்திருக்கிறது. வியட்நாம் போருக்குக் கட்டாயமாக ஆள் சேர்த்ததை ஒரு கெட்ட வார்த்தையால் ஏசி ஜாக்கெட்டில் எழுதிக்கொண்டு நீதிமன்றத் தாழ்வாரத்தில் நடந்தவரை 1971இல் விடுவித்தது. அரசியல் உடுப்போடு வாக்குச்சாவடிக்குள் வரக்கூடாது என்ற மின்னசோட்டா மாநிலச் சட்டத்தை, எது அரசியல் உடுப்பு என்ற வரையறை தெளிவாக இல்லை என்று சொல்லி 2018இல் தள்ளியது. நெஞ்சில் இருப்பதும் பேச்சுதான் என்பது அங்கே சட்டமாகவே நிலைத்துவிட்டது.

இத்தனை பழைய படங்கள் இப்போது திடீரென்று உடுப்பில் குவிவதற்குக் காரணம் எளியது. இவற்றுக்குக் காப்புரிமை இல்லை. காப்புரிமை தீர்ந்த ஓவியத்தை அப்படியே எடுத்த புகைப்படத்துக்குப் புதிதாக உரிமை கிடையாது என்று நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று 1999இல் தீர்ப்பளித்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2017 பிப்ரவரியில் தன்னிடமுள்ள லட்சக்கணக்கான படங்களை யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலும் இப்படிப் படங்கள் கிடைக்கின்றன. நல்ல காரியம், சந்தேகமே இல்லை. அந்தப் பக்கங்களில் படத்தோடு தலைப்பு, ஆண்டு, வரைந்தவர் விவரம் எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன. பதிவிறக்கும்போது படம் மட்டும் வருகிறது.

மிச்சத்தைப் பட்டறை வெட்டுகிறது. வெட்டுவது கெட்ட எண்ணத்தால் அல்ல. அச்சுக்கு வருவது தைத்த சட்டை அல்ல, கட்டிங் முடிந்த முன்பக்கத் துண்டு. பாக்கெட் அதன்மேல் பிறகுதான் ஏறும். கழுத்துக்கும் பாக்கெட்டின் மேல்விளிம்புக்கும் நடுவிலுள்ள இடத்தில்தான் படம் உட்கார வேண்டும். அகலவாக்கில் இருக்கிற கில்ரேயை அதற்குள் அடக்கினால் கீழே எழுத்துக்கு இடமில்லை. இடம் விட்டாலும் பாக்கெட் வந்து மூடிவிடும். ஜிப் வைத்த ஹூடி என்றால் நிலைமை இன்னும் மோசம். பூமிக்கு நடுவே ஜிப் ஓடும், பிட் ஒரு பக்கம், நெப்போலியன் ஒரு பக்கம்.

கோட்டின் நுணுக்கமும் பிரச்சினை. செப்புத் தகட்டில் ஊசி இழுத்த கோடு மயிரிழை. ஸ்க்ரீனில் அவ்வளவு மெல்லிய கோட்டைப் பிடிப்பது கஷ்டம். நைலான் வலைக் கண்ணுக்குள் மசி இறங்கும்போது பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் சேர்ந்து ஒரே கறுப்பாகிவிடும். அதனால் நிழல் கோடுகளைக் குறைத்து, முக்கியக் கோடுகளைத் தடித்துப் புதிதாக ஃபிலிம் எடுக்கிறார்கள். சாம்பிளில் அருகே வைத்துப் பார்த்தேன். பூமியின் மேலிருந்த கண்டங்களின் கரையோரம் கரைந்துவிட்டது. நாடுகளின் பெயர்கள் புள்ளிகளாகிவிட்டன. பலகாரத்தின் ஆவி மட்டும் அழகாக வந்திருந்தது. எது எந்த நாடு என்று தெரியாவிட்டால், யார் எதைத் திருடுகிறார்கள் என்பதும் தெரியாது. கில்ரேயின் குற்றச்சாட்டு அந்தப் பெயர்களில்தான் இருந்தது.

கூடவே ஒரு பொய்யும் தொடர்கிறது. நெப்போலியன் குள்ளர் அல்லர். அவர் காலத்துப் பிரெஞ்சு ஆண்களின் சராசரி உயரத்துக்குக் குறைந்தவரில்லை. அவரைக் குட்டையாக்கி உலகத்தை நம்பவைத்ததில் கில்ரேக்குப் பெரிய பங்கு உண்டு. பெயரும் ஆண்டும் உதிர்ந்தபிறகும் உதிராமல் நிற்பது அந்த உயரம்தான்.

அமெரிக்காவின் தாமஸ் நாஸ்ட் இன்னொரு பாடம். ஹார்ப்பர்ஸ் வீக்லி இதழில் அவர் நியூயார்க் நகரைச் சுரண்டிய வில்லியம் ட்வீட்டை வாராவாரம் வரைந்தார். ட்வீட் சிறையிலிருந்து தப்பி ஸ்பெயினுக்கு ஓடியபோது, 1876இல் அங்கே அவரை அடையாளம் காட்டிக் கொடுத்தது நாஸ்டின் படம். 1874இல் அதே நாஸ்ட் வரைந்த யானை குடியரசுக் கட்சி வாக்குகளைக் குறித்தது, மிரண்டு குழியில் விழப்போகும் யானையாக. இன்று அந்தக் கட்சிக்காரர்கள் பெருமையோடு சட்டையில் யானையைக் குத்திக்கொள்கிறார்கள். வில்க்ஸின் கிண்ணம் போலத்தான் இதுவும்.

நாஸ்டின் எல்லாப் படத்தையும் நெஞ்சில் ஏற்ற முடியாது. 1871இல் அவர் வரைந்த ஒன்றின் பெயர் ‘அமெரிக்கக் கங்கை’. ஆற்றங்கரையில் பள்ளிக் குழந்தைகள் நடுங்கி நிற்க, நீரிலிருந்து முதலைகள் ஊர்ந்து வருகின்றன. உற்றுப் பார்த்தால் அவை முதலைகள் அல்ல, கத்தோலிக்க ஆயர்கள். தலையிலுள்ள ஆயர் தொப்பிதான் பல் நிறைந்த வாய். அரசுப் பள்ளிகளைக் கத்தோலிக்கச் சபை விழுங்க வருகிறது என்ற பயத்தைக் கிளப்பிய படம். தலைப்பிலுள்ள கங்கை, குழந்தைகளை முதலைக்கு வீசும் தாய்மார்கள் என்று மிஷனரிகள் இந்தியாவைப் பற்றிப் பரப்பிய கதையிலிருந்து எடுத்தது. ஒரே படத்தில் ஐரிஷ் குடியேறிகளுக்கும் நமக்கும் சேர்த்து அவதூறு. வரைகலையாகப் பார்த்தால் அசர வைக்கும். அதனாலேயே பயம். எழுத்தைக் கத்தரித்துவிட்டு இதை ஒரு ஹூடியில் போட்டால், அழகான முதலைகள் என்று வாங்குவார்கள். ஐரிஷ் மக்களைக் குரங்கு முகத்தோடு வரைந்த அதே கைதான் ட்வீட்டையும் வீழ்த்தியது. வடிவமைப்பாளர் கத்தரியை எடுக்குமுன் இது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்தைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. ஒன்றுசேர் அல்லது செத்துப்போ என்ற வாசகத்தோடு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1754இல் அச்சிட்ட வெட்டுண்ட பாம்பு, பிரெஞ்சுக்காரர்களுக்கு எதிராகக் குடியேற்றங்கள் இணைய வேண்டும் என்று சொன்னது. இருபது ஆண்டுக்குள் அதே பாம்பு, அதே வாசகம் பிரிட்டனுக்கு எதிராகத் திரும்பியது. இன்றைய சட்டைகளில் அது யாருக்கு எதிராக என்பது அணிகிறவரைப் பொறுத்தது. வாசகம் மட்டும் போதாது, ஆண்டும் வேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி. இதற்கு மாறாக, மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெர்ரியின் கட்சி தனக்குச் சாதகமாகத் தொகுதிகளைக் கோணல்மாணலாக வெட்டியதைச் சிறகு முளைத்த விலங்காக 1812இல் வரைந்த படம் இன்னும் அதே பொருளில்தான் உடுக்கப்படுகிறது. அந்த அநியாயம் இன்னும் தீராததால் படமும் பழசாகவில்லை.

நம் நாட்டில் சட்டையில் அல்ல, பாடப்புத்தகத்தில் இந்தக் கேள்வி வெடித்தது. நத்தையாக நகரும் அரசியல் சட்டத்தின் மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. சங்கர் 1949இல் வரைந்தது. பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் அது இருந்தது. 2012 மே மாதம் நாடாளுமன்றமே கொந்தளித்தது. சில வாரத்தில், இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றிப் பாடநூலில் இருந்த ஆர்.கே. லக்ஷ்மணின் படத்துக்குத் தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. அந்த நூல்களில் விளக்கம் இருந்தது. ஆனாலும் வலித்தது. அடிபட்டவரின் பிள்ளைகள் பார்க்கிற இடத்தில் படத்தை வைக்கும்போது விளக்கம் மட்டும் காப்பாற்றாது என்பதை அந்த வலியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

நம் முன்னோடி ஒருவர் இதைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார் என்று தோன்றுகிறது. பாரதி ‘இந்தியா’ வார இதழில் கருத்துப்படம் போட்டபோது, படத்தை மட்டும் போட்டுவிட்டு விலகவில்லை. இதில் இருப்பவர் யார், இது எதைக் குறிக்கிறது என்று விளக்கம் எழுதினார். தமிழ் வாசகருக்குக் கருத்துப்படம் புதிது என்பதால் மட்டும் இருக்காது. படம் வாசகரை விட்டுத் தனியே போய்விடக்கூடாது என்ற அக்கறையும் அதில் இருக்கிறது.

சட்டையில் அதற்கு வழி உண்டு. கழுத்துக்கு உள்பக்கம் சைஸும் சலவைக் குறிப்பும் அச்சிடும் இடத்தில் மூன்று வரி கொள்ளும். கையின் ஓரத்தில் நீளவாக்கில் ஒரு தலைப்பு ஓடலாம். முதுகு முழுக்கக் காலியாகத்தான் கிடக்கிறது. அகலப் படத்துக்கு அதுவே பொருத்தமான இடம், பாக்கெட்டும் குறுக்கே வராது.

இதையெல்லாம் நான் பட்டறையில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பிரிண்டிங் மாஸ்டர் ஸ்க்வீஜியைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். “ஏனுங்க, இந்தக் குட்டையா இருக்கறவரு யாருங்க?” என்றார். சொன்னேன். நெட்டையானவரையும் சொன்னேன். பூமியைப் பங்கு போடுகிறார்கள் என்றதும் குனிந்து பார்த்தார். “நம்மூரு யார் பங்குல வருதுங்க?”

திப்பு வீழ்ந்த 1799லேயே கோயம்புத்தூர்ச் சீமை கும்பினியின் கைக்குப் போய்விட்டது என்றேன். இந்தப் படம் லண்டனில் வந்தது 1805 பிப்ரவரி. அதே ஆண்டு ஜூலைக் கடைசியில்தான் சங்ககிரியில் தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்டார்கள் என்றும் சொன்னேன்.

அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு வெட்டிய துண்டு ஒன்றை எடுத்து, பாக்கெட் எங்கே வரும் என்று சாக்பீஸால் கோடு போட்டார். படத்தை இரண்டு விரல் மேலே தூக்கி வைத்தார். கீழே கொஞ்சம் இடம் கிடைத்தது.

“வருசத்தையாவது போட்டுரலாமுங்க. பையர் ஒத்துக்கறாங்களான்னு அனுப்பிப் பாக்கலாம்.”